நீரிறைக்கும் இயந்திரம் காலையில் இயங்க மறுத்தால்

மலைநாட்டு மரக்கறி, நெற் கமக்காரருக்கான விளக்கம்

நுவரெலியாவைச் சூழ்ந்த மேட்டு நிலங்களில் மார்கழி முதல் மாசி வரை, வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் உறைபனி விழுவதுண்டு. விடியும் வேளையில் உருளைக்கிழங்குப் பாத்திகள் சுண்ணாம்பு தூவியவைபோல் வெளுத்துக் கிடப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வெயில் ஏறுமுன் இலைகள்மீது நீர் தெளித்து அப்பனியைக் கழுவிவிட்டாற் பயிரின் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம். தாமதித்தால் இலைகள் வெந்தவைபோற் கருகிவிடும்.

இத்தகைய அவசரமான காலையிலேதான் நீரிறைக்கும் இயந்திரம் பெரும்பாலும் இயங்க மறுக்கின்றது. கமக்காரர் கயிற்றை இருபது முப்பது முறை இழுக்கிறார், தோள் வலிக்கிறது, இயந்திரம் இருமுகிறதேயன்றி இயங்கவில்லை. பின்னர் சாவியை எடுத்துக் கண்ட திருகுகளை எல்லாம் கழற்றுகிறார். சிறு துண்டொன்று புல்லில் விழுந்து காணாமற் போகின்றது. அதுவரை பழுதின்றி இருந்த இயந்திரம் அப்போதுதான் உண்மையாகப் பழுதடைகின்றது. நகரத்துக்கு அதைச் சுமந்து செல்வதில் ஒரு நாளும், திருத்துவதற்குப் பணமும் செலவாகின்றன. அந்த ஒரு நாளிற் பயிரும் போய்விடுகின்றது.

இயங்க மறுக்கும் இயந்திரங்களுட் பெரும்பாலானவை உடைந்தவை அல்ல. அவற்றின் குறை சிறியது; ஒழுங்காகத் தேடினால் வயலிலேயே கண்டுபிடித்து நீக்கக் கூடியது. அவ்வொழுங்கை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும். இதிற் சொல்லப்படுவனவற்றுள் ஒன்றை மட்டுமே நினைவில் வைத்திருக்க இயலுமாயின், இதனை நினைவில் வைத்திருங்கள்: மாலையில் இயந்திரத்தை நிறுத்தும் முறையே காலையில் அது இயங்குமா என்பதைத் தீர்மானிக்கின்றது.

1. இயந்திரம் இயங்குவதற்கு வேண்டியவை

நீரிறைக்கும் சிறு இயந்திரம் இயங்குவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும். முதலாவது, காற்றோடு தக்க அளவிற் கலந்த எரிபொருள். இரண்டாவது, அக்கலவையைப் பற்றவைக்கும் தீப்பொறி. மூன்றாவது, பற்றுவதற்கு முன் அக்கலவையை இறுக்கிப் பிடிக்கும் அமுக்கம். இம்மூன்றும் உரிய நேரத்தில் ஒன்றுசேர்ந்தால் இயந்திரம் இயங்கியே தீரும். இயங்கவில்லையாயின் இம்மூன்றில் ஒன்று இல்லை என்பதே பொருள்.

ஆகவே உங்கள் வேலை, இல்லாதது எது என்று கண்டறிவதே. மூன்றையும் ஒரே வேளையிற் சோதிக்க முயலாதீர்கள். முதலில் எரிபொருள், அடுத்துத் தீப்பொறி, இறுதியில் அமுக்கம் என்ற வரிசையிற் செல்லுங்கள். குறைகள் மிகுதியாக நேர்வதும் எளிதிற் பார்க்கக் கூடியனவும் முதலில் வருமாறு இவ்வரிசை அமைந்துள்ளது.

2. மலைநாட்டில் இத்தொல்லை மிகுவதேன்?

கீழ்நாட்டில் முதல் இழுப்பிலேயே இயங்கும் இயந்திரம், மலைக்கு வந்ததும் முரண்டு பிடிப்பதற்குக் காரணங்கள் நான்கு உள.

குளிர்: எரிபொருள் நீராக இருக்கும்போது எரிவதில்லை; ஆவியாக மாறிய பின்னரே எரிகின்றது. பெற்றோல் உறைபனிக் குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 செல்சியஸ் பாகைக்கு மேற் சூடேறினாலன்றி அத்தகைய ஆவியைத் தராது. நுவரெலியாவின் காலைக் குளிர் அந்த அளவுக்கு எவ்வளவு கீழே உள்ளது என்பதை எண்ணிப் பாருங்கள்.

உயரம்: நுவரெலியா நகரம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலும், ஹற்றன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும் உள்ளன. மேலே செல்லச் செல்லக் காற்று மெலிகின்றது. நுவரெலியாவிற் காற்றின் அமுக்கம் கடற்கரையிலுள்ளதிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடல்மட்டத்துக்கென அளவு செய்யப்பட்ட இயந்திரம் இங்கே காற்றைக் குறைவாகவும் எரிபொருளை மிகையாகவும் உட்கொள்ளுகின்றது. அதனாற் பிளக் நனைந்து கரி பிடிக்கின்றது.

சரிவு: ஓடைக்கரையிற் சமமான இடம் கிடைப்பது அரிது. எண்ணெய் குறைந்தால் இயந்திரத்தைத் தானே நிறுத்தும் ஒரு கருவி இக்காலத்து இயந்திரங்கள் பலவற்றில் உண்டு. இயந்திரம் சாய்ந்திருந்தால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்க, எண்ணெய் இல்லையென அக்கருவி கருதித் தீப்பொறியைத் தடுத்துவிடும். அந்நிலையில் நூறுமுறை கயிற்றை இழுத்தாலும் பயனில்லை. இயந்திரத்தின் அடியிற் பலகையும் கல்லும் வைத்து மட்டப்படுத்திய உடனே அது இயங்கிவிடும்.

மூடுபனி: பாதி நிறைந்த தாங்கியினுள் இரவிற் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து நீர்த்துளியாகின்றது. நீர் எரிபொருளிலும் கனமானது. ஆகையால் அது தாங்கியின் அடியில் தங்கிக் காபரேற்றரை முதலிற் சென்றடைகின்றது.

3. மண்ணெண்ணெயில் இயங்கும் இயந்திரம்

நம் பகுதியிற் பயன்படும் இயந்திரங்களுட் பல, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயிற் செல்பவை. பெற்றோலுக்கு ஒரு சிறு தாங்கியும் மண்ணெண்ணெய்க்கு ஒரு பெரிய தாங்கியும் இவற்றில் இருக்கும். குளிர்ந்த இயந்திரத்தைப் பெற்றோலில் இயக்கி, மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை சூடேறவிட்டு, அதன்பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் வேண்டும். இதனைக் கமக்காரர் அனைவரும் அறிவர்.

ஆனால் நிறுத்தும் முறையைப் பலர் அறியார்; அறிந்தவரும் மாலை வேளையில் மறந்துவிடுகின்றனர். மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை அப்படியே நிறுத்தினாற் காபரேற்றரின் கீழுள்ள சிறு கிண்ணம் மண்ணெண்ணெயால் நிறைந்திருக்கும். மறுநாட் காலையில் நீங்கள் பெற்றோல் அடைப்பானைத் திறந்தாலும், அக்கிண்ணத்திலுள்ள மண்ணெண்ணெய் தீரும்வரை பெற்றோல் உள்ளே செல்வதில்லை. நீங்கள் இழுக்கும் ஒவ்வோர் இழுப்பும் குளிர்ந்த மண்ணெண்ணெயைச் சிலிண்டருக்குள் இழுத்துப் பிளக்கை நனைக்கின்றதேயன்றி வேறொன்றும் செய்வதில்லை.

ஆகவே வேலை முடிவதற்கு இரண்டு மூன்று நிமிடங்களுக்கு முன்னரே பெற்றோலுக்கு மாற்றிவிடுங்கள். கிண்ணத்திற் பெற்றோல் நிறைந்த பின் இயந்திரத்தை நிறுத்துங்கள். மறந்துவிட்டீர்களாயின், மறுநாட் காலை கயிற்றைத் தொடுமுன் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிதிருகைத் தளர்த்தி, உள்ளே இருப்பதை ஒரு பாத்திரத்தில் வடித்துவிட்டுத் திருகை இறுக்குங்கள். பின்னர் பெற்றோலைத் திறந்து அரை நிமிடம் பொறுத்து இழுங்கள்.

இந்த உண்மைக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1990ஆம் ஆண்டின் பின்னர், போர்க்காலப் பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் கிடைப்பது மிக அரிதாயிற்று. அங்குள்ள மக்கள் மோட்டார் சைக்கிள்களையும் நீரிறைக்கும் இயந்திரங்களையும் மண்ணெண்ணெயிலேயே ஓட்டினர். தொடங்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோலைச் சிறு போத்தலிற் பேணி வைத்திருந்து, காபரேற்றருக்குட் செலுத்தினர். வெப்பமான யாழ்ப்பாணத்திலேயே மண்ணெண்ணெயைத் தொடக்குவதற்குச் சில துளி பெற்றோல் வேண்டியிருந்ததாயின், குளிர் மிகுந்த நுவரெலியாவைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் திறந்த காற்று வாயிலிற் பெற்றோலை ஊற்றும் அம்முறையை நீங்கள் பின்பற்றுதல் கூடாது. இயந்திரம் எதிர்த்து வெடித்தால் தீ முகத்திலும் கையிலும் பாயும். கிண்ணத்தை வடித்து நிரப்புவதே ஆபத்தில்லாத வழியாகும்.

பெற்றோலுக்கு மட்டுமென அமைந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெயை ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெய் இயந்திரங்கள் குறைந்த அமுக்கத்துக்கென அமைக்கப்பட்டவை. மற்றையவற்றில் அது காலத்துக்கு முன் வெடித்துப் பிஸ்டனைக் கெடுக்கும்.

4. கயிற்றை இழுக்குமுன் பார்க்க வேண்டியவை

கீழ்க்காண்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். இதற்கு இரண்டு நிமிடம் போதும். கருவி எதுவும் வேண்டியதில்லை.

அ. நிறுத்தும் ஆளி இயங்கும் நிலைக்குத் திருப்பப்பட்டுள்ளதா? இதனை மறந்து அரைமணி நேரம் கயிற்றை இழுத்தவர் பலர்.

ஆ. இயந்திரம் மட்டமாக நிற்கின்றதா? எண்ணெய் குறியளவில் உள்ளதா?

இ. தாங்கியில் எரிபொருள் உண்டா? அடைப்பான் திறந்துள்ளதா? இரு தாங்கிகள் இருப்பின் பெற்றோற் பக்கம் திரும்பியுள்ளதா?

ஈ. தாங்கி மூடியிலுள்ள சிறு துவாரம் சேறோ தூசியோ அடைத்துக் கிடக்கின்றதா? காற்று உட்புகாவிடின் எரிபொருள் கீழிறங்காது.

உ. பிளக்கின் மேலுள்ள தொப்பி நன்கு அழுந்திப் பொருந்தியுள்ளதா? ஈரமாயிருப்பின் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

ஊ. பம்பியினுள் நீர் ஊற்றி நிரப்பியுள்ளீர்களா? நீரின்றிப் பம்பி சுழன்றால் அதன் உட்காப்பு விரைவில் எரிந்து கெட்டுவிடும். இயந்திரத்தைத் திருத்துகையில், அது திடீரென இயங்கிவிடும் என்பதை மறவாதீர்கள்.

5. இழுக்கும் முறை

குளிர்ந்த இயந்திரத்துக்குச் சோக்கை முழுதும் மூடுங்கள். சோக் காற்றைக் குறைத்து எரிபொருளைக் கூட்டுகின்றது. குளிரில் எரிபொருளின் ஒரு பகுதி மட்டுமே ஆவியாவதால் இது தேவையாகின்றது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியை மூன்றிலொரு பங்கு திறந்து வையுங்கள்.

கயிற்றை முதலில் மெதுவாக இழுங்கள். ஓரிடத்திற் கை தடைப்படும். அவ்விடத்தில் நிறுத்திக் கயிற்றை மெல்லத் திரும்பவிட்டு, பின்னர் ஒரே மூச்சில் வேகமாக இழுங்கள். கயிற்றைக் கைவிட்டுச் சுண்டவிடாதீர்கள். உள்ளிருக்கும் சுருள் உடையும்.

நாலைந்து இழுப்புக்குள் ஒருமுறை இருமினால் சோக்கைப் பாதியளவு திறந்து மீண்டும் இழுங்கள். இயங்கியபின் சிறிது சிறிதாக முழுதும் திறந்துவிடுங்கள். சற்றுமுன் நிறுத்திய சூடான இயந்திரத்துக்குச் சோக் வேண்டியதில்லை. மூடினால் அது மூழ்கிவிடும்.

ஆறு அல்லது எட்டு இழுப்பில் இயங்கவில்லையாயின் நிறுத்துங்கள். மேலும் இழுப்பது உங்கள் தோளை வருத்துவதுடன் பிளக்கையும் நனைக்கும். இப்போது சோதனைக்குச் செல்லுங்கள்.

6. பிளக் சொல்லும் செய்தி

முதலில் எரிபொருள் அடைப்பானை மூடிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மருத்துவர் நாக்கைப் பார்த்து நோயை அறிவதுபோலப் பிளக்கின் முனையைப் பார்த்து இயந்திரத்தின் குறையை அறியலாம்.

முனை உலர்ந்திருந்தால்: எரிபொருள் சிலிண்டரை எட்டவில்லை. குறை தாங்கிக்கும் காபரேற்றருக்கும் இடையில் உள்ளது. 7ஆம் பகுதியைப் பாருங்கள்.

முனை நனைந்திருந்தால்: எரிபொருள் வருகின்றது. ஆனால் அது மிகையாக வருகின்றது, அல்லது அதிற் குறை உள்ளது, அல்லது தீப்பொறி இல்லை. முகர்ந்து பாருங்கள். ஈரத்தைச் சிறு கடதாசியில் ஒற்றிப் பாருங்கள். பெற்றோலாயின் விரைவில் உலர்ந்து கறையின்றி மறையும். மண்ணெண்ணெயாயின் எண்ணெய்க் கறை நெடுநேரம் நிற்கும். கறை நின்றால், நேற்று மாலை நிறுத்தியதே குறை. கிண்ணத்தை வடித்துப் பிளக்கை உலர்த்துங்கள்.

முனையிற் கரிய தூள் படிந்திருந்தால்: எரிபொருள் மிகை, காற்றுக் குறைவு. காற்றுச் சல்லடை அடைபட்டிருக்கலாம். அல்லது உயரத்துக்கு ஏற்ற அளவு செய்யப்படவில்லை. 10ஆம் பகுதியைப் பாருங்கள்.

முனை இளம் பழுப்பு நிறமாயிருந்தால்: கலவை நன்றாகவே இருந்துள்ளது.

பிளக் நனைந்து இயந்திரம் மூழ்கியிருந்தால் நீக்கும் வழி இது: எரிபொருளை மூடுங்கள். சோக்கை முழுதும் திறவுங்கள். வேகப்பிடியையும் முழுதும் திறவுங்கள். பிளக்கைக் கழற்றிய நிலையிலேயே கயிற்றை ஐந்தாறு முறை இழுத்து உள்ளிருக்கும் மிகை எரிபொருளை வெளியேற்றுங்கள். துவாரத்துக்கு எதிரே முகத்தை வைக்காதீர்கள். அருகில் நெருப்போ சுருட்டோ இருத்தலாகாது. பிளக்கைத் துணியால் துடைத்து வெயிலிலோ சட்டைப்பையிலோ வைத்துச் சூடேற்றி மீண்டும் பூட்டுங்கள். சூடான பிளக் குளிர்ந்ததிலும் எளிதிற் பற்றவைக்கும். அதன் பின்னரே எரிபொருளைத் திறந்து, சோக்கை மூடாமல் இழுங்கள்.

7. எரிபொருட் சோதனை

வடிதிருகின் கீழ் ஒரு கண்ணாடிப் போத்தலைப் பிடித்து, அடைப்பானைத் திறந்து, திருகைத் தளர்த்துங்கள். எரிபொருள் தடையின்றி ஓடவேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால், தாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். அப்போது நன்கு ஓடினால் மூடியின் துவாரமே அடைபட்டுள்ளது. அப்போதும் ஓடாவிடின் அடைப்பானின் கீழுள்ள படிவுக் கிண்ணத்தையும் அதிலுள்ள சல்லடையையும் கழற்றிக் கழுவுங்கள்.

தாங்கியிலிருந்து நன்கு வந்தும் பிளக் உலர்ந்தேயிருந்தாற் காபரேற்றரினுள்ளிருக்கும் மிதவையின் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கலாம். கிண்ணத்தின் பக்கத்தைச் சாவியின் மரப்பிடியால் இரண்டு மூன்று முறை மெல்லத் தட்டுங்கள். பெரும்பாலும் ஊசி விடுபட்டுவிடும். அப்படியும் விடுபடாவிடின் காபரேற்றரைக் கழற்றி உட்துவாரத்தைக் கழுவுதல் வேண்டும். அத்துவாரத்தைக் கம்பியாற் குத்தாதீர்கள். அதன் அளவு நுண்ணியது. சிறிது பெருத்தாலும் இயந்திரம் என்றும் எரிபொருளை மிகையாகக் குடிக்கும். காற்றடித்தோ வாயால் ஊதியோ துப்புரவு செய்யுங்கள்.

போத்தலில் வடித்ததை ஐந்து நிமிடம் அசையாது வைத்துப் பாருங்கள். அடியில் முத்துப்போல் உருண்டு தனித்து நிற்பது நீராகும். நீர் கண்டால் தாங்கி முழுவதையும் வடித்து, வடித்ததைத் துணியால் வடிகட்டாமல், தெளியவைத்து மேலுள்ளதை மட்டும் எடுங்கள்.

பழைய பெற்றோலும் குறையே. சில மாதங்கள் தங்கிய பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துவிடுகின்றது; எஞ்சுவது பிசினாகித் துவாரங்களை அடைக்கின்றது. 2022ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டின்போது நாள் முழுதும் வரிசையில் நின்று பெற்ற பெற்றோலைக் கலன்களிற் சேமித்த கமக்காரர் பலர். அந்த அச்சம் நியாயமானது; ஆயினும் நெடுநாட் சேமித்த எரிபொருள் வேண்டிய காலையிற் கைவிட்டுவிடும். ஒரு மாதத் தேவைக்கு மேற் சேமிக்காதீர்கள். சேமிப்பதைக் கலன் நிறைய ஊற்றி இறுக மூடி நிழலில் வையுங்கள்.

இரண்டு வகைப் பெற்றோலில் 95 இலக்கமுள்ளது குளிரில் எளிதாக இயங்கும் என்று எண்ணி அதிக விலை கொடுப்பவர் உண்டு. அவ்விலக்கம் காலத்துக்கு முன் வெடிப்பதைத் தடுக்கும் ஆற்றலைக் குறிப்பதே. எளிதிற் பற்றுவதைக் குறிப்பதன்று. சிறு இயந்திரங்களுக்கு 92 இலக்கமே போதும்.

8. தீப்பொறிச் சோதனை

எரிபொருள் நன்றாக இருந்தும் இயங்காவிடின் தீப்பொறியைச் சோதியுங்கள். முதலில் அடைப்பானை மூடி, சிந்திய எரிபொருளைத் துடைத்து உலரவிடுங்கள். கழற்றிய பிளக்கைத் தொப்பியிற் செருகி, பிளக்கின் இரும்புப் பகுதி இயந்திரத்தின் இரும்பிற் படுமாறு, பிளக்குத் துவாரத்துக்குத் தொலைவில் வைத்துப் பிடியுங்கள். தொப்பியை மட்டும் உலர்ந்த துணியாற் பிடித்து, மற்றொருவரைக் கயிற்றை இழுக்கச் சொல்லுங்கள். முனையில் நீலநிறப் பொறி சடசடவெனப் பாய்ந்தால் தீப்பொறி உண்டு. மஞ்சள் நிறமாக மெலிந்து தோன்றினாலோ தோன்றாவிட்டாலோ குறை உண்டு.

அப்போது முதலிற் செய்ய வேண்டியது பிளக்கை மாற்றிப் பார்ப்பதே. புதிய பிளக் ஒன்றை எண்ணெய்த் துணியிற் சுற்றி வீட்டில் எப்போதும் வைத்திருங்கள். இந்தச் சிறு செலவு ஒரு போகத்தையே காப்பாற்றக் கூடும். முனைகளின் இடைவெளி பெரும்பாலான இயந்திரங்களுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருக்கவேண்டும்.

புதிய பிளக்கிலும் பொறி இல்லையாயின், நிறுத்தும் ஆளிக்குச் செல்லும் கம்பியைப் பாருங்கள். அதன் உறை தேய்ந்து இரும்பிற் பட்டால் பொறி எழாது. எண்ணெய் குறைந்தால் நிறுத்தும் கருவி இருப்பின் எண்ணெயை ஊற்றி, இயந்திரத்தை மட்டப்படுத்தி மீண்டும் பாருங்கள். இவற்றிலும் குறை இல்லையாயின் காந்தச் சில்லும் மின்சுருளும் அறிந்தவர் பார்க்க வேண்டியவை. அங்கே நிறுத்திவிடுங்கள்.

9. அமுக்கச் சோதனை

பிளக்கைப் பூட்டிய பின் கயிற்றை மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் வலிய தடை தோன்றவேண்டும். தடையின்றிக் கயிறு வழுகி வந்தால் அமுக்கம் இல்லை. முதலிற் பிளக் இறுகப் பூட்டப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். பின்னர் பிளக்குத் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி இயந்திர எண்ணெயை ஊற்றி மீண்டும் இழுங்கள். தடை கூடினாற் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. கூடாவிடின் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம். இவ்விரண்டும் வயலில் திருத்தக் கூடியன அல்ல.

மண்ணெண்ணெய் இயந்திரம் உடையவர்கள் எண்ணெயை அடிக்கடி பார்த்தல் வேண்டும். குளிர்ந்த நிலையில் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவர் வழியே கீழிறங்கி எண்ணெயோடு கலக்கின்றது. எண்ணெயின் அளவு ஊற்றாமலே உயர்ந்திருந்தாலும், மண்ணெண்ணெய் மணம் வீசினாலும், உடனே மாற்றிவிடுங்கள். நீர்த்த எண்ணெயில் ஓடிய இயந்திரம் விரைவில் வளையங்களை இழந்து, பின்னர் எந்நாளும் தொடங்கக் கடினமாகிவிடும். பொதுவாக 100 மணி நேர வேலைக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது வழக்கம். மண்ணெண்ணெயில் ஓடுவதற்கு அதற்கு முன்னரே மாற்றுங்கள்.

கயிறு சிறிதும் அசையாது இறுகியிருந்தால் வலிந்து இழுக்காதீர்கள். பம்பியினுள் மணலோ சிறு கல்லோ சிக்கியிருக்கலாம். அல்லது இரவு முழுதும் அடைப்பான் திறந்து கிடந்து சிலிண்டர் எரிபொருளால் நிறைந்திருக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள். அப்போது அசைந்தாற் சிலிண்டரினுள் இருந்தது எரிபொருளே. அசையாவிடிற் பம்பியைத் திறந்து பாருங்கள்.

10. உயரத்துக்கு ஏற்ற அளவு

இயந்திரம் கரும்புகை கக்கி, வலுவின்றி ஓடி, பிளக்கை வாரந்தோறும் கரியாக்கினால், முதலிற் காற்றுச் சல்லடையைக் கழுவுங்கள். பஞ்சாலானதைச் சவர்க்கார நீரிற் கழுவி, உலர்த்தி, சில துளி எண்ணெய் தடவிப் பிழிந்து பூட்டலாம். கடதாசியாலானதை நனைக்காமல் தட்டித் தூசி நீக்குங்கள்.

சல்லடை துப்புரவாயிருந்தும் புகை தீராவிடின் உயரமே காரணம். 1,500 மீற்றருக்கு மேல் எப்போதும் வேலை செய்யும் இயந்திரங்களின் காபரேற்றருக்குச் சிறிய துவாரமுள்ள உட்பாகம் ஒன்றை மாற்றிப் பொருத்துவிக்கும்படி உற்பத்தியாளர் கூறுவர். நுவரெலியா, கந்தப்பளை, சீத்தா எலியவிலுள்ள கமக்காரர் இதனை விற்பனையாளரிடம் கேட்டுப் பெறுதல் நன்று. ஆனால் அவ்வாறு மாற்றிய இயந்திரத்தைக் கொத்மலை, வலப்பனை போன்ற தாழ்ந்த வயல்களுக்கு நெல் நாற்றுமேடைக்கு நீர் இறைக்கக் கொண்டுசென்றால் எரிபொருள் போதாமல் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறும். இடம் மாற்றும்போது பழைய உட்பாகத்தையும் மாற்றுங்கள்.

மெலிந்த காற்றினால் இயந்திரத்தின் வலுவும் பம்பி நீரை உறிஞ்சும் உயரமும் குறைகின்றன. இம்மலைகளில் இயந்திரத்தை நீர்மட்டத்துக்கு 5 மீற்றருக்கு மேற்படாத உயரத்தில், ஓடைக்கு அருகே வையுங்கள். நீரை மேலே தள்ளுவது எளிது. கீழிருந்து உறிஞ்சுவதே கடினம்.

11. வேலையில்லாக் காலத்தில்

மழைக்காலத்தில் இயந்திரம் பல வாரம் சும்மா கிடக்கும். அப்போது தாங்கியையும் கிண்ணத்தையும் முற்றாக வடித்துவிடுங்கள். பிளக்குத் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றி, கயிற்றை மெல்ல இரண்டுமுறை இழுத்துப் பிளக்கைப் பூட்டுங்கள். பம்பியிலுள்ள நீரையும் வடித்துவிடுங்கள். மண்தரையில் வைக்காமற் பலகைமீது வைத்துச் சாக்கால் மூடுங்கள். உறைபனிக் காலம் வருமுன், ஒரு வெயில் நாளில் இயக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். குறை இருந்தால் அன்றைக்கே தெரியவரட்டும்.

இங்கு கூறிய வரிசை மருந்து தெளிக்கும் இயந்திரம், புல்வெட்டும் இயந்திரம், தேயிலை கவ்வாத்து இயந்திரம் ஆகியவற்றுக்கும் பொருந்தும். இவற்றுட் சில பெற்றோலோடு எண்ணெய் கலந்து ஊற்றப்படுபவை. அளவுக்கு மேல் எண்ணெய் கலந்தாற் பிளக் நனையும். குறைத்தாற் பிஸ்டன் இறுகும். கைநூலிற் கூறிய அளவையே கலக்குங்கள். நம் கரையோர மீனவரின் படகுகளிற் பொருத்தப்படும் வெளியிணைப்பு இயந்திரங்களுட் பலவும் மண்ணெண்ணெயிலேயே ஓடுகின்றன. அவையும் மண்ணெண்ணெயோடு நிறுத்தப்பட்டால் மறுநாட் காலையில் இதே தொல்லையைத் தரும். கடல் நடுவே அது உயிருக்கே ஆபத்து.

12. செலவையும் எண்ணுங்கள்

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கரும்புகையாகப் போகும் எரிபொருளும், நனைந்த பிளக்கில் வீணாகும் எரிபொருளும் உங்கள் பணமே. நன்கு தொடங்கும் இயந்திரம் குறைவாகவே குடிக்கும்.

கமக்காரர்களே, இத்துண்டுப் பிரசுரத்தை இயந்திரம் வைக்கும் கொட்டிலிற் சுவரில் ஒட்டி வையுங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பனி விழும் காலையில் யார் கயிற்றை இழுக்க நேருமோ அறியோம். இங்கு கூறியவற்றைச் செய்தும் இயந்திரம் இயங்காவிடின், எதைச் சோதித்தீர்கள், என்ன கண்டீர்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, பிளக்கையும் கையில் எடுத்துக்கொண்டு, திருத்துபவரிடம் செல்லுங்கள். அவருடைய வேலை பாதியாகும். உங்கள் செலவும் குறையும். உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரையும் அணுகி ஆலோசனை பெறலாம்.

இன்று மாலை வேலை முடிந்து இயந்திரத்தை நிறுத்துமுன், ஒரு கணம் நின்று, பெற்றோலுக்கு மாற்றினேனா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.